அல்பேனியாவுக்குக் கப்பலில் போங்கள், பஸ்ஸில் சுற்றுங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஐரோப்பாவில் இருப்பவர்களும், அங்கே பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே இருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

ஓகஸ்ட் நெருங்கினால் எங்கள் இன்பொக்ஸுக்கு ஒரே கேள்விதான் வருகிறது. லண்டனில் இருக்கும் மச்சான் கேட்கிறார். மிலானில் வேலை செய்யும் பழைய மாணவன் கேட்கிறான். "சேர், அல்பேனியாவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். முஸ்லிம்கள் நிறைய இருக்கும் நாடாம், கடற்கரை அழகாம், செலவும் குறைவாம். எயார்போர்ட்டிலேயே கார் எடுத்தால் ஐந்து நாளில் முழு நாட்டையும் பார்த்து முடிக்கலாமா?"

எங்கள் வீட்டில் இருவருமே ஆசிரியர்கள். ஒருவர் பூகோளம், மற்றவர் வரலாறு. ஆசிரியர் கலாசாலைக் காலத்திலிருந்தே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பாதை தேடுவது எங்களுக்குப் பழகிப்போன விசயம். அல்பேனியாவில் நாங்கள் கால் வைத்ததில்லை. எங்கள் சம்பளத்துக்கு அது இப்போதைக்கு எட்டாது. ஆனால் அங்கே போன நான்கு குடும்பங்களுக்குப் பாதை போட்டுக் கொடுத்தது நாங்கள்தான். அவர்கள் திரும்பி வந்து சொன்னதையும் கேட்டு வைத்திருக்கிறோம். அந்த உரிமையில் சொல்கிறோம்.

காரில் ஐந்து நாளில் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். ஆனால் அப்படிப் பார்க்காதீர்கள் என்பதுதான் எங்கள் கருத்து. முடிந்தவர்கள் கப்பலில் போய் இறங்குங்கள். உள்ளே பஸ்ஸில் சுற்றுங்கள். ஏன் என்று கீழே எழுதுகிறோம்.

*நாடு சிறியது, மலை பெரியது*

அல்பேனியாவின் பரப்பளவு 28,748 சதுர கிலோமீற்றர். எங்கள் இலங்கையின் பாதிக்கும் குறைவு. மேற்கே அட்ரியாட்டிக் கடல், தென்மேற்கே அயோனியன் கடல். கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலி. வடக்கே மொண்டெனேக்ரோவும் கொசோவோவும், கிழக்கே வட மசிடோனியா, தெற்கே கிரேக்கம்.

வரைபடத்தில் பார்த்தால் ஒரு நாளில் மேலிருந்து கீழே ஓடிவிடலாம் போலத் தெரியும். கரையோரச் சமவெளியை விட்டு உள்ளே திரும்பினால் எல்லாம் மலை. அங்கே தூரத்தைக் கிலோமீற்றரில் கணக்குப் பார்த்தால் ஏமாந்து போவோம், மணித்தியாலத்தில்தான் பார்க்க வேண்டும். பதுளைப் பாதையில் போனவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

*நகர முடியாமல் இருந்த ஒரு சனம்*

போக்குவரத்தைப் பற்றிப் பேச முன் அந்த நாட்டின் வரலாற்றில் ஒரு துண்டைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் அங்கே பஸ் ஏறினால் அது வெறும் பஸ்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1991 வரை அல்பேனியா கம்யூனிச ஆட்சியின் கீழ் மூடிக் கிடந்தது. என்வர் ஹொஜா 1985 இல் இறக்கும் வரை அவர் சொன்னதுதான் சட்டம். சாதாரண மனிதர் சொந்தமாகக் கார் வைத்திருக்க முடியாது. கட்சிப் பெரியவர்களுக்குத்தான் கார். மற்றவர்களுக்குச் சைக்கிள், பஸ், ரயில், அல்லது நடை. நாட்டை விட்டுத் தப்பி ஓடுவது தேசத்துரோகம். 1967 இல் மதமே தடை செய்யப்பட்டது. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மூடப்பட்டன, பல இடிக்கப்பட்டன. தலைநகர் திரானாவின் எத்தெம் பே பள்ளிவாசலில் 1991 ஜனவரியில் ஆயிரக்கணக்கானவர்கள் தடையை மீறி உள்ளே போய்த் தொழுத பிறகுதான் அந்தக் கதவு மறுபடி திறந்தது.

தெற்கே சரண்டா, க்சமில் என்று இன்று எல்லோரும் படம் போடும் கடற்கரைகள் இருக்கின்றனவே, அதற்கு எதிரே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கிரேக்கத்தின் கோர்பு தீவு. அந்தக் காலத்தில் இரவில் அந்த நீரிணையை நீந்திக் கடக்கப் பார்த்தவர்கள் இருந்தார்கள். சிலர் கரை சேர்ந்தார்கள். சிலர் சுடப்பட்டார்கள். இன்று அதே நீரை வேகப்படகு அரை மணித்தியாலத்தில் கடக்கிறது.

1991 ஓகஸ்டில் கியூபாவிலிருந்து சீனி ஏற்றி வந்த 'வ்லோரா' என்ற கப்பல் டுரெஸ் துறைமுகத்தில் நின்றபோது சனம் அதில் பாய்ந்து ஏறியது. சுமார் 20,000 பேர். கப்பலை இத்தாலியின் பாரி நகரத்துக்கு விடச் சொன்னார்கள். பாரியில் பெரும்பாலானவர்களை ஒரு விளையாட்டரங்கில் அடைத்து வைத்து, பிறகு திருப்பி அனுப்பினார்கள். பாரிக்கும் டுரெஸுக்கும் இடையில் இன்று இரவுக் கப்பல் ஓடுகிறது. அந்தச் சனம் உயிரைப் பிடித்துக்கொண்டு போன அதே கடல்.

அல்பேனியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வீசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளுக்குப் போகும் உரிமை 2010 டிசம்பரில்தான் கிடைத்தது. கடவுச்சீட்டுக்காக விடிய முன் வரிசையில் நின்ற எங்களுக்கு இதன் கனம் தெரியும்.

*போய்ச் சேரும் வழிகள்*

*ஆகாயம்.* கொழும்பிலிருந்து நேரடி விமானம் இல்லை. இஸ்தான்புல் அல்லது வளைகுடா நகரம் ஒன்றில் மாற வேண்டும். லண்டனிலிருந்து நேரடியாக ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். திரானா விமான நிலையம் ரினாஸ் என்ற இடத்தில், நகரத்திலிருந்து சுமார் 17 கிலோமீற்றர். வெளியே வந்தால் நகரத்துக்கு பஸ் நிற்கும், சில நூறு லெக்தான். லெக் என்பது அவர்களுடைய காசு. அண்மைக் காலத்தில் ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ நூறு லெக். டெக்சிக்காரர் முதலில் உங்களிடம் வருவார். ஸலாம் சொல்லிவிட்டு பஸ்ஸைத் தேடுங்கள்.

மலிவு விலை விமானங்கள் வந்த பிறகு இந்த விமான நிலையம் நம்ப முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது. 2019 இல் சுமார் 33 இலட்சம் பயணிகள். 2024 இல் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. நாட்டின் சனத்தொகையே 2023 கணக்கெடுப்பில் 24 இலட்சம்தான். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

*கடல்.* இத்தாலியில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் வழி. பாரியிலிருந்து டுரெஸுக்கு இரவு ஏறினால் காலையில் இறங்கலாம். எட்டு முதல் பத்து மணித்தியாலம். அன்கோனாவிலிருந்தும் டுரெஸுக்குக் கப்பல் உண்டு, அது இன்னும் நீண்ட பயணம். பிரின்டிசியிலிருந்து வ்லோரா நகரத்துக்கும் உண்டு. அறை எடுத்தால் படுத்துக்கொண்டு போகலாம். காசு குறைவென்றால் சாய்வு இருக்கை. எங்கள் மாணவன் குடும்பம் அறை எடுத்துத்தான் போனது. பிள்ளைகள் விடிய எழும்பி மேல்தட்டில் நின்று கரை தெரிவதைப் பார்த்தார்களாம். விமானத்தில் போயிருந்தால் அந்த நேரம் பயணப்பொதி வரும் பட்டிக்குப் பக்கத்தில் நின்றிருப்பார்கள்.

கிரேக்கத்தின் கோர்பு தீவுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து சரண்டாவுக்குப் படகு ஏறுவது இன்னொரு வழி. தெற்குப் பக்கம் மட்டும் பார்க்க விரும்புபவர்களுக்கு இதுவே சுருக்கம்.

*தரை.* கொசோவோவின் பிரிஷ்டினாவிலிருந்து திரானாவுக்கு பஸ்ஸில் நான்கு மணித்தியாலம் அளவில் வரலாம். மலையைக் குடைந்து போட்ட அதிவேகப் பாதை அது. மொண்டெனேக்ரோவிலிருந்து ஷ்கோடர் நகரத்துக்கும், வட மசிடோனியாவிலிருந்தும், ஏதென்ஸிலிருந்தும் பஸ்கள் உண்டு.

*ரயில்.* எந்த நாட்டிலிருந்தும் அல்பேனியாவுக்குப் பயணிகள் ரயில் இல்லை. ஐரோப்பா முழுவதும் செல்லும் ரயில் டிக்கட் வாங்கி வைத்திருப்பவர்கள் இங்கே அதை மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

*கடவுச்சீட்டு விசயம்.* இதைக் கவனமாக வாசியுங்கள். அல்பேனியா ஷெங்கனில் இல்லை. பிரித்தானிய, இத்தாலியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு வீசா தேவையில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர்களுக்கு வீசா தேவை. ஆனால் பலமுறை நுழையக்கூடிய ஷெங்கன், பிரித்தானிய அல்லது அமெரிக்க வீசா இருந்து அதை ஒரு தடவையாவது பாவித்திருந்தால், அல்லது அந்த நாடுகளின் வதிவிட அனுமதி இருந்தால், பொதுவாக உள்ளே விடுகிறார்கள். விதிகள் மாறும். டிக்கட் எடுக்க முன் அவர்களுடைய தூதரகத்தின் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். இன்னொன்று: ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் வீசாவில் இத்தாலிக்கு வந்தவர், அங்கிருந்து அல்பேனியாவுக்குப் போனால் திரும்ப இத்தாலிக்குள் வர முடியாது. விசிட் வீசாவில் மகனைப் பார்க்கப் போகும் உம்மா வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்கள் இதை இரண்டு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

*உள்ளே சுற்றுவது*

ரயில் ஏன் இல்லை என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு காலத்தில் இருந்தது. டுரெஸிலிருந்து பெக்கின் வரையான முதல் பாதை 1947 இல் திறந்தது. 1949 இல் டுரெஸும் திரானாவும் இணைந்தன. இளைஞர்களைப் படை படையாக இறக்கி மண்வெட்டியும் கூடையும் கொடுத்துப் போட்ட பாதைகள். 1991 க்குப் பிறகு கார் வைத்திருக்கும் உரிமை கிடைத்ததும் எல்லோரும் கார் பக்கம் ஓடினார்கள். ஐரோப்பாவில் பாவித்துக் கழித்த பழைய மெர்சிடிஸ்கள் அந்த நாட்டை நிரப்பின. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அரை நூற்றாண்டு தடுத்து வைத்ததை அவிழ்த்துவிட்டால் எவரும் ஓடத்தான் செய்வார். ஆனால் ரயில் அநாதையாகிவிட்டது. கண்ணாடிகள் கல்லெறியில் உடைந்தன, சமிக்ஞைகள் கழற்றப்பட்டன, ஆட்கள் குறைந்தார்கள். 2013 இல் பெருந்தெருவை நீட்டுவதற்காகத் திரானாவின் ரயில் நிலையத்தையே மூடி அகற்றிவிட்டார்கள். இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியத்தோடும் புனரமைப்பு அபிவிருத்திக்கான ஐரோப்பிய வங்கியின் கடனோடும் திரானா - டுரெஸ் பாதையைப் புதிதாகப் போட்டு, விமான நிலையத்துக்கும் ஒரு கிளை இழுக்கும் வேலை நடக்கிறது. இருந்ததை இடித்தவர்கள் கடன் வாங்கித் திரும்பக் கட்டுகிறார்கள். இந்தப் பாடத்தை எங்கள் நாட்டு அமைச்சர்மாரும் படிக்கலாம்.

எனவே மிஞ்சியிருப்பது பஸ்ஸும் 'ஃபுர்கோன்' எனப்படும் சிறிய வேனும்தான். ஃபுர்கோன் என்றால் எங்கள் ஹயஸ் வேன் சேவை மாதிரி. ஆட்கள் நிரம்பினால் புறப்படும். வழியில் கை காட்டினால் நிற்கும். டிக்கட்டுக்குப் பதிலாகக் காசைக் கையில் கொடுப்பதும் உண்டு. நேர அட்டவணையை இணையத்தில் தேடிக் களைக்காதீர்கள். முதல் நாள் தரிப்பிடத்துக்குப் போய்ச் சாரதியிடம் கேட்பதுதான் நம்பகமான அட்டவணை. தங்கும் வீட்டுக்காரரிடமும் கேளுங்கள், அவருக்குத் தெரியாவிட்டால் அவர் மச்சானுக்குத் தெரியும்.

ஒரு முக்கிய குறிப்பு. காலையில் பஸ் கூட. பகல் ஏற ஏறக் குறையும். தூர இடங்களுக்குப் பின்னேரத்துக்குப் பிறகு பஸ்ஸை எதிர்பார்க்கக் கூடாது. ஸுபஹுக்கு எழும்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு அல்பேனியா மிக வசதியான நாடு.

திரானாவிலிருந்து டுரெஸ் ஒரு மணித்தியாலத்துக்குள். ஷ்கோடர் இரண்டு மணித்தியாலம் அளவு. பெராட் இரண்டரை, மூன்று. ஜிரோகாஸ்தர் நான்கு அளவு. சரண்டா ஐந்து, அதற்கு மேலும் ஆகலாம். வடக்கிலிருந்து தெற்கு வரை போய் வந்தாலும் ஒருவருக்கு பஸ் செலவு சில பத்து யூரோக்கள்தான்.

*"சேர், ஐந்து பேர் போனால் கார்தானே லாபம்?"*

இந்தக் கேள்வியை நேர்மையாகப் பார்க்க வேண்டும். பெரிய குடும்பமாகப் போனால், காசை மட்டும் கணக்குப் பார்த்தால், கார் சில வேளை லாபம்தான். கைக்குழந்தை இருந்தால், முழங்கால் வலிக்கும் உம்மா இருந்தால், பஸ் தரிப்பிடத்தில் வெயிலில் நிற்பது சிரமம்தான். வ்லோராவுக்கும் சரண்டாவுக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் பஸ் குறைவு. நல்ல கடற்கரைகள் பல பிரதான பாதையிலிருந்து கீழே இறங்க வேண்டிய இடங்களில் இருக்கின்றன. அந்தத் துண்டுக்கு இரண்டு நாள் கார் எடுங்கள். நாங்கள் பாதை போட்டுக் கொடுத்த ஒரு குடும்பம் அப்படித்தான் செய்தது.

ஆனால் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கார் என்பதற்கு எதிராக மூன்று காரணங்கள் சொல்கிறோம்.

முதலாவது, உயிர். அல்பேனியாவில் வலப் பக்கம் ஓட்ட வேண்டும். இலங்கையிலும் பிரித்தானியாவிலும் ஓட்டிப் பழகியவர் இடப் பக்கக்காரர். ஐரோப்பாவில் வீதி விபத்து மரணங்கள் கூடிய நாடுகளுள் அல்பேனியாவும் ஒன்று. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், முன்னால் வளைவில் முந்தி வருபவர். பின் இருக்கையில் பிள்ளைகள். அந்தப் பாதையில் பிறந்து வளர்ந்த பஸ் சாரதியின் கை உங்கள் கையை விட நிச்சயம் மேல்.

இரண்டாவது, மனிதர்கள். 'முஸ்லிம் நாடு' என்று நினைத்துப் போய், காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கடற்கரையில் இறங்கிப் படம் எடுத்து, திரும்ப ஏறினால், அங்கே யாரைச் சந்தித்தீர்கள்? அல்பேனிய முஸ்லிம்களின் கதை எங்களுடையதைப் போன்றது அல்ல. 2023 கணக்கெடுப்பில் தங்களைச் சுன்னி முஸ்லிம் என்று சொன்னவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. பெக்தாஷிகள் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், எதுவும் சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். தொழாத முஸ்லிமும் இருப்பார், இரண்டு மதக் குடும்பமும் இருக்கும். பன்றி இறைச்சியும் மதுவும் கடைகளில் இருக்கும், ஹலால் என்று எடுத்துக்கொள்ளாமல் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு அந்த இருபத்து மூன்று வருடத் தடையின் கதை தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லக் கூடியவர் ஃபுர்கோனில் உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பார். அவருக்கு ஆங்கிலம் குறைவாக இருக்கலாம், ஆனால் வயதானவர்களில் பலருக்கு இத்தாலிய மொழி ஓரளவு விளங்கும். அந்தக் காலத்தில் கடலுக்கு அப்பாலிருந்து வந்த இத்தாலியத் தொலைக்காட்சியை ஒளித்துப் பார்த்துப் பழகியவர்கள். மிலானில் வளரும் எங்கள் பிள்ளைகள் பேச்சுக் கொடுக்கலாம்.

மூன்றாவது, அந்த நாட்டின் எதிர்காலம். இதுதான் எங்களை இந்தப் பதிவை எழுத வைத்தது.

*எந்த வழியால் வருகிறோமோ, அந்த வழிக்குத்தான் காசு*

24 இலட்சம் பேர் வாழும் நாட்டுக்குள் ஒரு கோடிப் பயணிகள் ஆகாயத்தால் வந்து போகிறார்கள். அந்த எண்ணைக் காட்டித்தான் அடுத்த வேலைகள் நடக்கின்றன. கரையோர மலையான லோகாராவுக்குக் கீழே சுமார் 6 கிலோமீற்றர் சுரங்கம் 2024 இல் திறக்கப்பட்டது. வளைந்து வளைந்து மேலே ஏறி இறங்கிய பயணம் இப்போது சில நிமிடம். அந்தச் சுரங்கத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. அங்குள்ள நோயாளிக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் அது உதவும்.

வ்லோராவில் கட்டும் புதிய விமான நிலையத்தின் கதை வேறு. 2021 இல் வேலை தொடங்கியது. இடம் வ்யோசா ஆறு கடலில் விழும் பகுதிக்கும் நார்த்தா களப்புக்கும் அருகே, பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பில். பூநாரைகளும் கூழைக்கடாக்களும் தங்கும் இடம், கண்டம் விட்டுக் கண்டம் போகும் பறவைகளின் பாதை. மன்னார்க் களப்பில் பூநாரை இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி கண்ணில் வரும். சூழலியலாளர்கள் வழக்குப் போட்டார்கள். ஐரோப்பிய வனவிலங்குப் பாதுகாப்புக்கான பேர்ன் உடன்படிக்கையின் குழு வேலையை நிறுத்தச் சொன்னது. வேலை நிற்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வ்யோசா ஆற்றை 2023 மார்ச்சில் அதே அரசாங்கம் தேசியப் பூங்காவாக அறிவித்தது. ஐரோப்பாவின் முதல் காட்டாற்றுத் தேசியப் பூங்கா என்று உலகமே பாராட்டியது. ஆற்றுக்குப் பூங்கா, முகத்துவாரத்துக்கு விமான ஓடுபாதை.

"நாங்கள் ஒரு குடும்பம் பஸ்ஸில் போனால் இதெல்லாம் நின்றுவிடுமா?" என்று கேட்பீர்கள். நிற்காது. ஆனால் திட்டம் போடுபவர்கள் எண்களைத்தான் பார்க்கிறார்கள். பஸ்ஸில் ஆள் ஏறாவிட்டால் பஸ் நிற்கும், ரயில் நின்றது போல. சுற்றுலாப் பயணி பஸ்ஸில் ஏறினால் அந்த பஸ் ஓடும். அந்த பஸ்ஸில்தான் மலைக் கிராமத்துப் பிள்ளை படிக்கப் போகிறது, வயதான பெண் மருந்து எடுக்கப் போகிறார். நீங்கள் கொடுக்கும் ஐந்து யூரோ அவர்களுடைய பஸ்ஸைக் காப்பாற்றும் காசு. கார் வாடகையில் அப்படி ஒன்றும் நடக்காது.

கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் படிப்பித்தவர்களுக்கு இது புத்தக அறிவு அல்ல. கடைசி பஸ் நின்றுபோன ஊரில் பிள்ளையின் வரவு எப்படிக் குறைகிறது என்பதை வரவு இடாப்பில் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள்.

*நாங்கள் போட்டுக் கொடுக்கும் பாதை*

ஒன்பது, பத்து நாள் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். (லண்டன்காரர்கள் பாரிக்கு விமானத்தில் வந்து கப்பல் ஏறலாம், அது சுற்றென்றால் நேரே திரானாவில் இறங்கி இதே பாதையில் சேரலாம்.)

1. பாரியில் இரவுக் கப்பல். காலை டுரெஸ். அங்குள்ள ரோமர் கால அரங்கைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரானா. இரண்டு இரவு. எத்தெம் பே பள்ளிவாசலிலும், 2024 இல் திறந்த பெரிய நமாஸ்காஹ் பள்ளிவாசலிலும் தொழலாம்.

2. பஸ்ஸில் ஷ்கோடர். இரண்டு இரவு. சைக்கிள் ஓட்டும் நகரம் என்று பெயர் பெற்றது. வாடகைக்குச் சைக்கிள் எடுங்கள். எபூ பெக்கர் பள்ளிவாசலும் தேவாலயங்களும் கிட்டக் கிட்ட நிற்கும்.

3. கோடைகாலமென்றால் ஷ்கோடரிலிருந்து விடிய முன் வேனில் கோமான் அணைக்கட்டுக்குப் போய், அங்கிருந்து ஃபியர்ஸா வரை படகு. சுமார் மூன்று மணித்தியாலம். மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் நீர்த்தேக்கம். பாதையே இல்லாத வீடுகளுக்கு அந்தப் படகு ஆட்களையும் மா மூட்டையையும் இறக்கிப் போகும். சுற்றுலாவுக்காக மட்டும் ஓடாத படகு என்பதே அதன் அழகு.

4. திரும்பி வந்து பெராட், பிறகு ஜிரோகாஸ்தர். இரண்டுமே யுனெஸ்கோ பட்டியலில் உள்ள உஸ்மானியர் கால நகரங்கள். இரண்டுக்கும் இடையே நேரடி பஸ் குறைவு, முதல் நாளே கேட்டு வையுங்கள்.

5. சரண்டா. அங்கிருந்து நகர பஸ்ஸிலேயே க்சமில் வழியாகப் புட்ரின்ட் தொல்நகரத்துக்குப் போகலாம். கரையோரத்துக்குக் கார் தேவையென்றால் இங்கே இரண்டு நாள் எடுங்கள்.

6. படகில் கோர்பு, அங்கிருந்து விமானம். ஷெங்கன் விசயத்தை மறக்க வேண்டாம்.

பயணப்பொதி சிறியதாக இருக்கட்டும். சில்லறை லெக் கையில் இருக்கட்டும். பஸ் நிற்கும் இடத்தில் இறங்கித் தேநீர் குடியுங்கள், சாரதி புறப்பட முன் தலையை எண்ணுவார்.

*கடைசியாக*

2024 ஒக்டோபரில் இத்தாலியக் கடற்படைக் கப்பல் ஒன்று அல்பேனியாவின் ஷெங்ஜின் துறைமுகத்துக்கு வந்தது. அதில் 16 ஆண்கள். பங்களாதேஷையும் எகிப்தையும் சேர்ந்தவர்கள். இத்தாலிக்குப் போக நடுக்கடல் வரை வந்தவர்களை அல்பேனியாவில் கட்டிய முகாமில் வைக்கக் கொண்டு வந்தார்கள். ரோம் நீதிமன்றம் மறுத்ததால் சில நாட்களில் இத்தாலிக்கே கொண்டுபோனார்கள். 33 வருடத்துக்கு முன் 20,000 அல்பேனியர்கள் மறுபக்கம் போனதும் இதே கடலில்தான்.

யாரை நகர விடுவது, யாரை நிறுத்துவது என்று அந்தக் கடலில் இன்னும் கணக்குப் பார்க்கிறார்கள். எங்களுக்கோ, எங்கள் பிள்ளைகளுக்கோ அதைச் சுதந்திரமாகக் கடக்க அல்லாஹ் வழி தந்திருந்தால், அது பெரிய நிஃமத். அதை ஐந்து நாள் வீடியோவாகச் சுருக்காதீர்கள். மெதுவாகப் போங்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு ஸலாம் சொல்லுங்கள். அவர் எப்படிப் பதில் சொன்னார் என்று வந்து எங்களுக்கும் சொல்லுங்கள்.

போய் வந்தவர்கள் கொமென்டில் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். பஸ் நேரம், புறப்படும் இடம், காசு எதுவானாலும் சரி. அடுத்த குடும்பத்துக்குப் பாதை போடும்போது உதவும், இன்ஷா அல்லாஹ்.